கெர்னல் ஒன்று, சோர்ஸ் வேறொன்று

லினக்ஸ் சர்வர் ஏன் திணறுகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஆனால் பார்க்கிற கருவியை உள்ளே நுழைய வைப்பதற்குள்ளேயே பாதிப் பொழுது போய்விடும்.

இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ‘மாடுல் பொருந்தவில்லை’ என்ற அந்த ஒற்றை வரிச் செய்தியைத் திரையில் பார்த்து நீங்களும் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டவர்கள்தான். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸுக்கு அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. டிஸ்க், மெமரி, நெட்வொர்க் எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதுதான். அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மாடுல் என்ற ஒரு சின்ன நிரல் துண்டைக் கட்டி, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள் செருக வேண்டும். அது உள்ளே உட்கார்ந்துகொண்டு, யார் எதைக் கேட்கிறார்கள், எது எங்கே காத்துக் கிடக்கிறது என்று நமக்குச் சொல்லும். டிரேஸ் மாடுல் என்று பெயர். ஒரே நிபந்தனைதான். ஓடுகிற கெர்னல் எந்த சோர்ஸிலிருந்து, அதாவது எந்த மூல நிரலிலிருந்து, கட்டப்பட்டதோ, மாடுலையும் அதே சோர்ஸை வைத்துத்தான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கெர்னல் வாசலிலேயே நிறுத்திவிடும். நிறுத்திவிட்டால் நாம் தப்பித்தோம். சில சமயம் உள்ளே விட்டுவிடும்.

இப்போதெல்லாம் மாடுல் இல்லாமலே பார்க்கப் புது வழிகள் வந்துவிட்டனவே என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். வந்துவிட்டன, உண்மைதான். எங்கள் வாடிக்கையாளர்களின் சர்வர்களுக்குத்தான் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

என் பெயர் புஷ்பா. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன். வெளி வேலைக்குப் போவது நானும் ரேமண்டும். ரேமண்ட் கெட்டிக்காரன், பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு. எனக்குப் பொறுமை உண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பொறுமை இல்லை, அசதி.

சின்ன நம்பர்

கிள்ளானில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஓர் இடத்திலிருந்து குமார் என்பவர் போன் செய்தார். அவர்கள் சர்வரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நாங்கள் அனுப்பிய மாடுலை கெர்னல் ஏற்றுக்கொள்ளவில்லையாம். ஓடுகிற கெர்னலின் பதிப்பையும், அவர் இறக்கி வைத்திருக்கும் சோர்ஸின் பதிப்பையும் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். கொஞ்சம் எரிச்சலோடு, ஒவ்வோர் எண்ணாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் வாசித்தார். அப்போதும் ஒன்றுதான்.

வேறு வழியில்லாமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஃபெடரல் ஹைவேயில் மழை, அதோடு வழக்கமான நெரிசல். போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. குமார் நல்ல மனிதர், எனக்காக மீ கோரேங் நூடுல்ஸ் கட்டி வாங்கி வைத்திருந்தார். திரையைப் பார்த்தேன். இரண்டு பதிப்புகளும் நடுவில் இருந்த சின்னக் கோடு வரைக்கும் ஒன்றுதான். கோட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த வால் மட்டும் வேறு. அதை விரலால் தொட்டுக் காட்டினேன். குமார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“அதுவா? கடைசியில என்னமோ சின்ன நம்பர் இருந்துச்சுக்கா, அது முக்கியமா?”

வாடகைக்காரர்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் தினேஷ் என்பவர் சாப்பாட்டு ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்றை நடத்திவந்தார். மதிய நேரத்தில் மட்டும் ஆர்டர்கள் எங்கேயோ மாட்டிக்கொண்டு, எல்லாம் ஒரே கொத்தாக வந்து விழும். கீழ்க்கடைக்காரரே இவர்களுடைய வாடிக்கையாளர் என்பதால், கோபம் மாடிப்படி ஏறி நேரில் வந்துவிடும். நான் போன அன்றைக்கும் ஏறி வந்தது. சாம்பார் வாளியைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றார் மனிதர்.

தினேஷ் அந்த வாரம் முழுக்க மாடுலோடு மல்லுக்கட்டியிருந்தார். அவர் ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு கண்டெய்னருக்குள். அதாவது, யாரோ ஒருவரின் பெரிய சர்வரில் தடுப்புப் போட்டு அறை அறையாக வாடகைக்கு விடுவார்கள். அறைக்குள் இருப்பவருக்கு முழுக் கணினியும் தன்னுடையது மாதிரித் தெரியும். ஆனால் கெர்னல் எல்லா அறைக்கும் பொது, அது சர்வர்காரருடையது. தினேஷ் தன் அறையில் என்ன லினக்ஸ் இருக்கிறதோ அதற்கான சோர்ஸை இறக்கி மாடுலைக் கட்டிக்கொண்டே இருந்தார். கீழே இருந்த கெர்னல் முற்றிலும் வேறு. அதன் சோர்ஸைக் கேட்டு சர்வர்காரருக்கு எழுதினோம். தரமாட்டோம், தந்தாலும் அறையிலிருந்து கெர்னலுக்குள் எதையும் செருக விடமாட்டோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. முழு சர்வராக எடுத்தால்தான் உள்ளே பார்க்க முடியும் என்று சொன்னேன். பிறகு அப்படித்தான் எடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு தினேஷின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. இத்தனை நாளாக இதுகூடத் தெரியாமலா உட்கார்ந்திருந்தீர்கள் என்று அவருடைய தொழில் பங்காளி கேட்டுவிட்டார். தினேஷ் என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“நான் ரூம் வாடகைக்கு எடுத்தவன்க்கா. வீட்டுக்குப் பவுண்டேஷன் போட்டது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

துறைமுகத்துக் கதவு

துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு. லோரி வந்து நிற்கும், டிரைவர் அட்டையைத் தட்டுவார், தடுப்புக் கம்பு மேலே போகும். இவ்வளவுதான் அந்தக் கணினிக்கு வேலை. அது சில நேரம் தட்டிய அட்டையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். அதற்குள் பின்னால் லோரிகள் மெயின் ரோடு வரைக்கும் வரிசை கட்டிவிடும். கிடங்கு மேனேஜர் சுப்ரா, கையில் வாக்கி டாக்கியோடு வெயிலில் நின்று ஒவ்வொரு டிரைவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர்கள் அவரைத் திட்டவில்லை. ஹாரனைத்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு லோரியில் குளிரூட்டிய மீன் இருந்தது. அந்த டிரைவர் மட்டும் இறங்கி வந்து, என்னையும் என் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கெர்னலின் பெயரைப் பார்த்தேன். முடிவில் ‘ஆனந்த்-டெஸ்ட்’ என்று இருந்தது. யார் ஆனந்த் என்று கேட்டேன். முன்பு இங்கே வேலை செய்தவராம். கதவு வாங்கியபோது அட்டை படிக்கும் கருவி லினக்ஸோடு ஒத்துவரவில்லை; ஆனந்த் கெர்னலைத் தானே திருத்திக் கட்டி ஓட வைத்தாராம். அதற்காக அவருக்கு ஒரு விருந்துகூட வைத்தார்களாம். பிறகு சிங்கப்பூர் போய்விட்டார். திருத்திய சோர்ஸை எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. சர்வர் முழுக்கத் தேடினேன், இல்லை. அவர் உட்கார்ந்திருந்த பழைய கணினியை எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். சோர்ஸ் இல்லாமல் மாடுல் கட்ட முடியாது. மாடுல் இல்லாமல் கதவு எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. கெர்னலை மாற்றினாலோ அட்டை படிக்கும் கருவி வேலை செய்யாது.

சுப்ரா யார் யாரிடமோ கேட்டு ஆனந்தின் எண்ணை வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டார். ஹாரன் சத்தத்துக்கு நடுவே நான் யார், எங்கிருந்து பேசுகிறேன், என்ன கெர்னல் என்று விவரமாகச் சொன்னேன். ஆனந்த் கெர்னலின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

“அக்கா, அது சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டது. இன்னுமா ஓடுது?”

(அட்டைக் கருவிக்கு அதைச் செய்த கம்பெனியே புது டிரைவர் மென்பொருள் வெளியிட்டிருந்தது. அதைப் போட்டு, சாதாரணக் கெர்னலுக்கு மாற்றி, பிறகு டிரேஸ் செய்து பார்த்தோம். சாகக் கிடந்த டிஸ்க் ஒன்றுதான் காரணம். சுப்ரா எனக்கு விருந்து எதுவும் வைக்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.)

பிஸ்கட்

இது ரேமண்டின் கதை. அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

ஷா ஆலாமில் ஒரு பிஸ்கட் ஃபேக்டரி. பாக்கெட்டில் தேதி அடிக்கும் இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்கும் கணினி அடிக்கடி சுணங்கியது. ரேமண்ட் மாடுலைக் கட்டினான், கெர்னல் மறுத்தது. சோர்ஸ் ஒரு படி பழையது. சரியான சோர்ஸை இறக்க ஃபேக்டரியின் இன்டர்நெட்டில் சாயங்காலம் வரை ஆகும். கெர்னலின் பதிப்புப் பரிசோதனையைத் தாண்டி மாடுலை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளுவதற்கு ஒரு வழி இருக்கிறது. இருக்கிறது என்பதற்காக அதைச் செய்யக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ரேமண்டுக்கும் தெரியும். ஒரே ஒரு படி வித்தியாசம்தானே, என்ன ஆகிவிடும் என்று தள்ளிவிட்டான்.

கணினி அந்த நொடியே உறைந்து நின்றது. தேதி அடிக்கும் இயந்திரம் நின்றது. ஆனால் அடுப்பு நிற்கவில்லை. அந்தப் பெரிய அடுப்பை நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாதாம். பிஸ்கட்டுகள் பெல்ட்டில் வந்துகொண்டே இருந்தன. முனைக்கு வந்து குவிந்தன. குவிந்தவை தரையில் கொட்டின. பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ரேமண்டும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டு அள்ளினான். கணினி திரும்பி எழுந்திருக்கும்வரை அள்ளிக்கொண்டே இருந்தான். வாரிய பிஸ்கட் எல்லாம் குப்பைக்குத்தான். சூப்பர்வைசர் காக் ரொஹானா, அதாவது ரொஹானா அக்கா, சத்தம் போடவில்லை. அவன் அள்ளி முடிக்கும்வரை பக்கத்தில் கைகட்டி நின்றார். முன்பு மெதுவாக ஓடியது, இப்போது செத்தே போய்விட்டது என்பதை மலாயில் நாலே சொல்லில் முடித்தார்.

“டுலு ஸ்லோ. செகாராங் மாத்தி.”

நாற்காலி

சுங்கை பூலோவில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு டயாலிசிஸ் சென்டர் இருக்கிறது. ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரங்களுக்கும் சர்வருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, பயப்பட வேண்டாம். ஒவ்வொருவரின் ரத்த அழுத்தத்தையும் மற்ற அளவுகளையும் எழுதி வைப்பதுதான் சர்வரின் வேலை. அது அவ்வப்போது உறைந்துவிடும். அப்போதெல்லாம் தாதிகள் கையிலேயே எழுதிக்கொண்டு, பிறகு உட்கார்ந்து திரும்பத் தட்ட வேண்டும். ஏற்கெனவே ஓடி ஓடி உழைக்கிற பிள்ளைகள். தலைமைத் தாதி விமலா என்னைக் கூப்பிட்டபோது குரலே கம்மிப் போயிருந்தது.

பார்த்தேன். புதுக் கெர்னலும் அதற்கான சோர்ஸும் எப்போதோ வந்து இறங்கிவிட்டன. பழைய சோர்ஸ் தானாகவே அழிந்தும் விட்டது. ஆனால் சர்வரை யாரும் அணைத்துப் போடவில்லை. அதனால் ஓடுவது இன்னும் பழைய கெர்னல். அணைத்துப் போட்டால் எல்லாம் பொருந்திவிடும், ஐந்து நிமிட வேலை. விமலா மாட்டேன் என்றார். நாற்காலிகளில் ஆட்கள் இருக்கும்வரை எதையும் அணைக்க விடமாட்டேன், கடைசி ஆள் எழுந்த பிறகு செய்துகொள்ளுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம். நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சர்வர் அலமாரிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் முனியாண்டி அங்கிள் இருந்தார். முன்னாள் டாக்ஸிக்காரர், கையில் குழாய்கள், மடியில் தமிழ்ப் பேப்பர். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டார். புதுசு வந்துவிட்டது, பழசு இன்னும் இறங்கவில்லை என்றேன். அரசியலா என்று கேட்டார். இல்லை, கணினி என்றேன். எனக்கு அன்றைக்குக் கிள்ளானில் இன்னொரு வேலை இருந்தது. அடிக்கடி மணியைப் பார்த்தேன், ஸ்டூலில் நெளிந்தேன், ஒருமுறை வாய்விட்டே சலித்துக்கொண்டேன் போலிருக்கிறது. அங்கிள் பேப்பரை மடித்து வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது, குடை எடுத்துக்கோ என்கிற மாதிரிதான் சொன்னார்.

“நான் வாரத்துக்கு மூணு நாள் இப்படித்தான்மா உட்காந்திருக்கேன். நீ ஒரு நாள் உட்காரு.”

உள்ளே விட்ட கெர்னல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இடத்தையும் பெயர்களையும் மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒரு தனியார் கல்லூரி. புது மாணவர்கள் பாடம் பதியும் வாரத்தில் சர்வர் தவழ்ந்தது. பிள்ளைகளும் பெற்றோரும் கூடத்தில் காத்துக் கிடந்தார்கள். பாடம் பதியும் புரோகிராமை எழுதியவர் திலகா என்ற பெண். ஒப்பந்தத்தில் இருப்பவர், ஒப்பந்தம் முடியும் தறுவாய். கணினிப் பிரிவின் தலைவர் நாதன், தானே டிரேஸ் மாடுலைக் கட்டி ஓட்டிப் பார்த்து, டிஸ்கைப் பிடித்து வைத்திருப்பது திலகாவின் புரோகிராம்தான் என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று பேச்சு அடிபட்டது. வெளியாள் ஒருவர் பார்த்து ஆமாம் என்று சொன்னால் நல்லது என்பதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நானும் நாதனுடைய மாடுலையே ஓட்டினேன். டிஸ்கைத் தொடுகிற ஒவ்வொரு வரியிலும் யாருடைய கணக்கிலிருந்து அது நடக்கிறது என்று ஓர் எண் வரும். வரி வரியாக ஓடியது. எல்லாவற்றிலும் திலகாவின் எண். சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாதன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

திலகா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். அழுதிருந்தார் என்பது கண்ணில் தெரிந்தது, குரலில் தெரியவில்லை. தன் புரோகிராமை நிறுத்திவிடுகிறேன், பிறகு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன் என்றார். பதிவு நடக்கும் நேரத்தில் நிறுத்துவதா என்று நாதன் தயங்கினார். எப்படியும் அது நகரவில்லையே சார், கொஞ்ச நேரம் நிறுத்தினால் என்ன என்று நான்தான் சொன்னேன். திலகா புரோகிராமை நிறுத்தினார். தன் கணக்கிலிருந்து வெளியே வந்தார். லேப்டாப்பை மூடி, மேசை மேல் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்ப ஓட்டினேன். வரிகள் ஓடின. ஒவ்வொரு வரியிலும் அவருடைய எண்.

இல்லாத ஆள் எப்படி டிஸ்கைத் தொட முடியும்? மாடுலை எப்படிக் கட்டினீர்கள் என்று நாதனிடம் கேட்டேன். பதிப்பு எண் ஒன்றாகத்தான் இருந்தது, வாலும் ஒன்றுதான் என்றார். அப்புறம் என்றேன். கருவி முதலில் என்னமோ அடையாளம் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றது, பெயர் ஒன்றாக இருக்கும்போது அது என்ன தொந்தரவு என்று அந்தப் பரிசோதனையை மட்டும் அணைத்துவிட்டதாகச் சொன்னார்.

அங்கேதான் விஷயம். சர்வரை விற்ற கம்பெனி கெர்னலைத் திருத்தித் திரும்பக் கட்டியிருந்தது. பெயரை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டது. நாதன் வைத்திருந்தது திருத்தாத சோர்ஸ். திருத்தியதில் உள்ளே இருக்கும் விவரங்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தன. மாடுல் ‘யார்’ என்ற இடத்தைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு பக்கத்து இடத்தைப் படித்தது. அங்கே எப்போதும் மாறாமல் இருந்த ஏதோ ஓர் எண், திலகாவின் எண்ணாக அமைந்தது அவருடைய துரதிர்ஷ்டம். எனக்கு நடுக்கம் தந்தது அது இல்லை. அந்த எண் வேறு யாருடையதாகவாவது இருந்திருந்தால், நாங்கள் அதையும் நம்பி அவரைத்தான் பிடித்திருப்போம்.

விற்ற கம்பெனியிடமிருந்து சரியான சோர்ஸை வாங்கி மாடுலைப் புதிதாகக் கட்ட மறுநாளாகிவிட்டது. இந்த முறை உண்மையான எண் வந்தது. வேலை நேரத்திலேயே எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டிருந்த பேக்கப். அதை வைத்தது நாதனின் பிரிவுதான். நாதன் கெட்டவர் இல்லை. முகம் வெளுத்துப் போய்த் திலகாவின் மேசைக்குத் தானே நடந்து போனார். எல்லோர் முன்னாலும் சாரி என்று சொன்னார். திலகா எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

“சாரி எல்லாம் வேணாம் சார். அந்த ரிப்போர்ட் யாருக்கெல்லாம் போச்சோ, அவங்களுக்கே இதையும் அனுப்புங்க.”

நின்ற படம்

ரேமண்ட் ஒரு காலையில் போன் செய்து, அவன் போகும் பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்துக்கு உடனே வரமுடியுமா என்று கேட்டான். அங்கே வழக்கமாகப் பூசைக்கு வரும் அந்தோணி அங்கிள் இறந்துவிட்டார். மதியம் அடக்கத் திருப்பலி. அங்கிளுக்கு ஒரே மகள், பெர்த்தில் இருக்கிறாள். குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகிறது, விமானம் ஏற முடியாது. தேவாலயத்தில் பூசையை நேரலையில் காட்டும் கணினி ஒன்று உண்டு. அதில்தான் அவள் பார்க்க வேண்டும். அது அன்றைக்குப் பார்த்து விக்கி விக்கி ஓடியது. படம் நகரும், நிற்கும், நகரும், நிற்கும். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபிலோ ஆன்டி, நான் போய்ச் சேர்ந்தபோது ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழக்க தோஷம், முதலில் டிரேஸ் செய்யத்தான் உட்கார்ந்தேன். காலையில் கணினி தானாகவே புதுக் கெர்னலுக்கு மாறியிருந்தது. அவ்வளவு புதிது, அதற்குப் பொருந்தும் சோர்ஸ் எங்களுக்குக் கிடைக்கும் இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. தேடினேன், வேறு இடத்தில் தேடினேன். வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ரேமண்ட் என் தோள் பக்கம் குனிந்து, காரணம் தெரிந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்டான். பொறுமையில்லாதவன் என்று அவனைச் சொல்வேன். அன்றைக்கு அவன் கேட்டதுதான் சரி. எல்லாவற்றையும் மூடிவிட்டு, போன வாரம் வரை ஓடிய பழைய கெர்னலுக்கே கணினியைத் திருப்பினேன். படம் சீராக ஓடியது. ஏன் திணறியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தது அன்றைக்கு மட்டும்தான் என்னை உறுத்தவில்லை.

சவப்பெட்டி உள்ளே வந்தது. நாங்கள் இருவரும் பின்வரிசையில், லேப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றும் உட்கார்ந்தும் பூசை கண்டோம். கடைசியாகப் பெட்டியைத் திறந்து முகம் காட்டிய நேரத்தில் படம் ஒருமுறை நின்றது. பிறகு தானாக ஓடியது. எல்லாம் முடிந்து, ஆட்கள் செராஸ் கல்லறைக்குக் கிளம்பிய பிறகு, ஃபிலோ ஆன்டியின் போனில் மகள் கூப்பிட்டாள். ஆன்டி போனை என் காதில் வைத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நடுவுல ஒரு தடவை படம் நின்னுச்சு அக்கா. அப்பா முகத்துலதான் நின்னுச்சு. பரவாயில்ல, நல்லா பாத்துக்கிட்டேன்.”

ஆட்களோடு அதிகம் பேச வேண்டியிருக்காது என்று நம்பித்தான் நான் இந்தக் கணினிப் படிப்பையே எடுத்தேன்.